பரம்பில் கிடைத்த சின்னத் தாழி

வெட்கப்படத் தெரிந்த அதிகாரி என்று என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். தொல்லியல் துறையில் இருந்தார். பெயர் வேண்டாம், அவரே விரும்பமாட்டார். நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தப்பு செய்து மாட்டிக்கொண்டால் நம்மில் பலர் தலையைக் குனிவோம், இல்லையென்றால் குரலை உயர்த்துவோம். அவர் இரண்டும் செய்யமாட்டார். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்தபடியே வெட்கப்படுவார். காதுமடல் மட்டும் சிவந்துபோகும். பார்க்கிற நமக்குத்தான் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும்.

எனக்குச் சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஓடிக்கொண்டிருந்த காலம். குருவிகுளம் பக்கம் ஒரு கிராமத்துப் பரம்பில், அதாவது சரளைக்கல் கிடக்கிற மேட்டுநிலத்தில், முதுமக்கள் தாழி தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவர் கடைக்குள் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். பருத்திச் சேலை, கான்வாஸ் ஷூ, முழங்கை வரைக்கும் செம்மண்.

"எங்க போட்டோகிராபருக்கு டைபாய்டு. நீங்க கொஞ்ச நாள் வர முடியுமா? எலும்புக்கூடு எடுத்துப் பழக்கம் உண்டா?"

"மாப்பிள்ளை பொண்ணுதான் எடுத்திருக்கேன் மேடம். சில மாப்பிள்ளைங்க கிட்டத்தட்ட அப்படித்தான் இருப்பாங்க."

சத்தமாகச் சிரித்தார். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் அவருடைய ஜீப்பில் ஏறிவிட்டேன்.

முதல் படத்திலேயே திட்டு வாங்கினேன். தாழிக்குப் பக்கத்தில் உடைந்த ஓடு ஒன்று கிடந்தது. படத்தின் ஓரத்தில் அது துருத்திக்கொண்டு தெரிந்ததால், கல்யாண வீட்டில் செம்பை நகர்த்துகிற மாதிரி அதை நகர்த்தப் போனேன். "தொடாதே!" என்று கத்தினார். குழியில் மண் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அத்தனை பெண்களும் நிற்கையிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கத்தினது தப்பு. உங்களுக்கு முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்கணும். அந்த ஓடு அங்க கிடக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியுற வரைக்கும் அது அங்கதான் கிடக்கணும்."

எனக்குக் கூசியது. "அதுக்கு என்ன மேடம், விடுங்க" என்று முனகினேன். அவர் விடவில்லை. "எல்லார் முன்னாடியும் கத்தினேன், எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றார்.

அதே மாதிரிதான் உளுந்து விஷயமும். குழிக்குப் போகிற வழி மழையில் சேறாகிவிட்ட நாளில், எங்கள் ஜீப் ஓரத்துப் புஞ்சையில் இறங்கி ஏறியது. முளைத்திருந்த உளுந்து நாலைந்து சால் நசுங்கிப்போனது. ஓட்டியது டிரைவர். சாயங்காலம் இவர் தேடி விசாரித்துக்கொண்டு புஞ்சைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த மனிதர் சட்டைகூடப் போடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து கும்பிட்டதைப் பார்த்து, எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்குப் போயி வாசலுக்கு வருவாங்களா? மானாவாரி உளுந்து. மழை இல்லன்னா தானா சாவப்போறது."

"மழை கொன்னா அது வேற அண்ணாச்சி. கொன்னது என் வண்டி."

ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். உளுந்துக்குத் துக்கம் கேட்டுவந்த மேடம் என்று பெயரும் வைத்தார்கள்.

செத்தவர்கள் விஷயத்தில் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். குழிக்குள் இறங்கும்போது ஷூவைக் கழற்றிவிடுவார். சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடுகிற வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். "ஆளைத் திறந்துபோட்டுட்டு நாம வீட்டுக்குப் போறதா?" என்பார். ஒருநாள் உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்து, மண்டையோட்டைக் கையில் பிடித்தபடி செல்ஃபி எடுக்கவேண்டும் என்றார்.

"உங்க தாத்தாவா இருந்தா இப்படித் தூக்கிப் பிடிப்பீங்களா?"

"எங்க தாத்தாதான மேடம்! அந்த உரிமையிலதான கேக்கேன்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை.

தாழிகள் எந்தக் காலத்தவை என்று யாராவது கேட்டால், "இன்னும் தெரியலை" என்பதுதான் பதில். அந்தப் பதில்தான் மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது மாதம் முடிகிற சமயம், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை, இந்த இடத்தை இத்தோடு மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. அது எப்படியோ குழியில் வேலைபார்த்த பெண்களின் காதுக்கும் போய்விட்டது. மண் சலித்துக்கொண்டே, "அடுத்த மாசம் வேலை உண்டுமா மேடம்?" என்று தினமும் கேட்பார்கள். முதலில் பெய்த மழையோடு சரி, பிறகு பொய்த்துப்போன வருஷம். காடுகழனியில் வேறு வேலை இல்லை. அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

அந்த வாரத்தில்தான் சின்னத் தாழி கிடைத்தது.

பரம்பின் வடக்கு ஓரத்தில் முள்ளடர்ந்த ஓர் உடைமரம் நின்றது. அதன் வேர்களுக்கு நடுவில் அகலமான கல் மூடியோடு ஒரு பானை. மற்றத் தாழிகளில் பாதி உயரம்கூட இல்லை. கறுப்பும் சிவப்புமான, பழைய, கனத்த பானை. கல்லைத் தூக்கிவிட்டு உள்ளே மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளத் தள்ள, ஒரு கைக்குழந்தையின் எலும்புகள் தெரிந்தன. சுருண்டு, ஒருக்களித்து, தூங்குகிற மாதிரியே. வேலைபார்த்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து யூட்யூப் சேனல் நடத்துகிற இரண்டு பேர் கேமராவோடு வந்திருந்தார்கள். நான் மேடத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். பிரஷ் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. விரற்கடை நீளம் இருக்கும். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். "வேர்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு ஒரு சின்னக் கவரில் போட்டு, அதைத் தன் கருவிப் பெட்டியின் ஓரத்தில் செருகினார்.

"மேடம், இது எவ்வளவு பழசு?" மேலேயிருந்து சேனல்காரர் கேட்டார்.

அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "பானையோட காலம்தான் குழந்தையோட காலமும். இந்தப் பக்கம் குழந்தைக்குன்னு தனியா ஒரு தாழி கிடைச்சது இதுதான் முதல் தடவை."

"சந்தேகமே இல்லையா?"

"இல்லை."

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலத்துக்குள் நான் எடுத்த போட்டோ எல்லோருடைய போனிலும் இருந்தது. வேலையை நீட்டித்து உத்தரவு வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு சமூகத்தார் அந்தப் பிள்ளை தங்கள் முன்னோர் வீட்டுப் பிள்ளை என்று எழுதினார்கள். இல்லை எங்கள் பிள்ளை என்று இன்னொரு சமூகத்தார் எழுதினார்கள். ஃபேஸ்புக்கில் கெட்டவார்த்தை ஓடி, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தது. மண்டையோட்டோடு செல்ஃபி கேட்ட கட்சிக்காரர் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார். 'தமிழின் தொன்மை காத்த தளிர்' என்று மேலே எழுத்து, நடுவில் பிள்ளையின் எலும்புகள், இரண்டு பக்கமும் தலைவர்கள் சிரித்துக்கொண்டு. கீழே என் ஸ்டுடியோ பெயரும் இருந்தது. நான் வேலை மெனக்கெட்டுப் போய் அதைப் பார்த்து வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். அறுபது வயது இருக்கலாம். ஆடு மேய்க்கிறவர் என்பது கையிலிருந்த கம்பிலேயே தெரிந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே ஏறாமல் நின்றார்.

"பஸ் ஸ்டாண்டுல வச்சிருக்க படம் நீங்க எடுத்ததாய்யா?"

"ஆமாம்மா. உள்ள வாங்க."

"அதுல ஒரு காப்பி குடுப்பீயளா? எழுத்தெல்லாம் இல்லாம. பிள்ளைய மட்டும்."

எதற்கு என்று கேட்டேன். அவர் கம்பைச் சுவரில் சாய்த்தார்.

"எம்பிள்ளைக்கு ஒரு போட்டோகூடக் கெடையாதுய்யா. எடுக்குறதுக்குள்ள போயிட்டான்."

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் நின்றவாக்கிலேயே சொன்னார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் பிறந்த ஆண்பிள்ளை. காய்ச்சல் கண்டு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கோடைகாலம். பரம்பில் கடப்பாரை இறங்கவில்லை. ஆழமாகப் புதைக்காவிட்டால் நரி தோண்டிவிடும். பரம்பில் அங்கங்கே பழைய பானைகள் வாய் தெரியக் கிடக்கும். அவர் கணவர் உடைமரத்தடியில் ஒரு பானையைக் கையால் வழித்துச் சுத்தம் செய்து, பிள்ளையை உள்ளே படுக்கவைத்து, மண்ணைப் போட்டுக் கல்லால் மூடியிருக்கிறார். கணவரும் போய் வருஷம் பல ஆகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் திருப்பூரில்.

"நாங்க தோண்டும்போதே வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"அன்னைக்கு மக வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா மரத்தடில குழிதான் கெடக்கு. பெரிய பெரிய ஆளுகல்லாம் மூவாயிரம் வருசத்துப் பிள்ளைங்காக. எங்க பிள்ளை, உங்க பிள்ளைன்னு அடிச்சிக்கிடுதாக. நான் போயி என்னத்தச் சொல்ல?"

மேடத்துக்குப் போன் செய்தேன். அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். அவர் உட்காராததால் இவரும் நின்றுகொண்டே முழுக்கக் கேட்டுக்கொண்டார்.  கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிள்ளை இடுப்புல ஏதாவது கட்டியிருந்தீங்களாம்மா?"

"அரைஞாண்கயிறு இல்லாம எப்படி? கறுப்புக் கயிறுதான். நூல் கயிறு இத்துப்போகும்னு எந்தம்பி நைலான்ல வாங்கியாந்தான். மண்ணுக்குள்ள போகும்போதும் அவுக்க மனசு வரல."

மேடத்தின் காதுகள் சிவந்தன. கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அந்தக் கயிறு என்கிட்ட இருக்கும்மா. நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அப்படிப் பேசினேன்."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "காப்பி தாரீயளா?" என்றார். நான் கம்ப்யூட்டரில், அகழாய்வுக் கணக்குக்காக எலும்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த அளவுகோலையும் திசை அம்பையும் வெட்டி எடுத்துவிட்டுப் பிள்ளையை மட்டும் அச்சுப்போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு விரலால் தடவினார். "இப்படித்தான் ஒருக்களிச்சுப் படுப்பான்" என்றார். துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனபிறகு மேடம் வெகுநேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வைத்தேன். ஆறிப்போனது.

"பொய் சொல்லணும்னு நினைக்கலை தம்பி. சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை உட்காரச் சொல்லாம, வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். அந்தப் பொம்பளைங்களுக்கு வேலை இருக்கணும்னு நினைச்சேன். அது மட்டுமில்லை. என் பேரும் வரணும்னு இருந்தது. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது."

மேலதிகாரியிடம் என் முன்னாலேயே போனில் பேசினார். அந்தப் பக்கம் பேசியதும் ஸ்பீக்கரில் கேட்டது. "பானை பழசுதானே? பானையைப் பத்தி மட்டும் பேசிட்டு விட்டுடுங்க. எலும்பைப் பத்தி யாரும் இனிமே கேட்கமாட்டாங்க. ரெண்டு மாசத்துல ஜனங்க மறந்துடுவாங்க." நியாயமான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. மேடம், "அந்தம்மா மறக்கமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் அதே சேனல்காரர்களை அதே உடைமரத்தடிக்கு வரச்சொன்னார். கவரிலிருந்த நைலான் கயிற்றைக் கேமராவுக்குக் காட்டினார். பானை பழசு, குழந்தை பழசு இல்லை, கயிற்றைப் பார்த்தும் மறைத்துப் பேசினேன், தப்பு என்னுடையது என்றார். அந்த அம்மாவின் பெயரையோ வீட்டையோ சொல்லவில்லை. எத்தனையோ பேர் கேட்டும் சொல்லவில்லை.

அதற்குப்பிறகு எங்கள் ஊர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு குறுகுகிறது. 'எங்கள் பிள்ளை' என்று மல்லுக்கு நின்ற இரண்டு தரப்பாரும் ஒரே நாளில் அந்தப் பிள்ளையைக் கைவிட்டார்கள். ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவரை ஏசினார்கள். தோண்டும் வேலை நிறுத்தப்பட்டது. மண் சலித்த பெண்களில் ஒருத்தி ஜீப்பை மறித்தாள்.

"எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீயளே மேடம். ஒரு வார்த்தை பேசாம இருந்தா என்ன கொறஞ்சு போவீய?"

"நீ கேட்குறது சரிதான்மா" என்றார் மேடம். 

ஃப்ளெக்ஸை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. வைத்தவர் போனை எடுக்கவில்லை. உச்சிவெயிலில் மேடமே ஏணியோடு பேருந்து நிலையத்துக்கு வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். "ஏலே, மேடம் இங்கனயும் தோண்ட வந்துட்டாவ!" என்று ஒருவன் கத்தினான். அவர் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஃப்ளெக்ஸைக் கீழே விழவிடாமல் இறக்கி, பிள்ளையின் படம் உள்பக்கம் இருக்கும்படி சுருட்டிக்கொண்டார்.

எலும்புகளைத் திருப்பி வாங்குவதற்குத் தாசில்தார் ஆபீஸுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைந்தார். அதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில்தான் எலும்புகள் கைக்கு வந்தன. புது வேட்டித் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். நானும் போனேன். பரம்பில் அந்த அம்மா மட்டும் குடைபிடித்தபடி காத்திருந்தார். தோளில் கேமராப் பையோடு நான் இறங்கியதை அவர் பார்த்தார்.

"இதையும் படம் புடிக்கப் போறீயளாய்யா?"

பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வந்த பை.  திரும்பப் போய் ஜீப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மா துணிமூட்டையை வாங்கிக் கொஞ்சநேரம் நெஞ்சோடு வைத்திருந்தார். பிறகு குனிந்து, மரத்தடிக் குழிக்குள் தானே இறக்கிவைத்தார். மேடம் கைகூப்பினார். "என்னை மன்னிச்சிருங்கன்னு கேட்க எனக்கு வாய் வரலைம்மா" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு கையால மூடுன மண்ணு தாயி" என்றார் அந்த அம்மா. கோபமான குரல் இல்லை. "அவரு பிள்ளைக்குச் செஞ்சது அது ஒண்ணுதான்."

நான் மண்வெட்டியை எடுக்கப்போனேன். அந்த அம்மா என்னைக் கையமர்த்தினார். "தோண்டுனவுகளே மூடட்டும்" என்றார்.

மேடம் முழங்காலிட்டு உட்கார்ந்தார். மண்வெட்டியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். சரளை மண். கொஞ்ச நேரத்திலேயே விரல் நுனிகள் கிழிந்து ரத்தம் கண்டது. போதும் என்று அந்த அம்மா சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. குடைக்கடியில் நின்று, கடைசிக் கைப்பிடி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கல்லைப் புரட்டி மேலே வைத்தார்கள். அந்த அம்மா பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கிவிட்டார்.

அதன்பிறகு மேடத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தென்காசி பேருந்து நிலையத்தில், போன வருஷம். ஓய்வுபெற்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கடைசியில் ஏதோ ஒரு மியூசியத்தின் கிடங்கில் உடைந்த ஓடுகளுக்கு நம்பர் போடுகிற வேலையில் இருந்ததாகச் சொன்னார். பரம்பை இப்போது காற்றாலைக்காரர்கள் வாங்கிவிட்டதையும், உடைமரத்தடியை மட்டும் ஊரார் கேட்டு விட்டுவைத்திருப்பதையும் நான் சொன்னேன். தலையாட்டினார்.

"அந்தம்மா?"

"இருக்காங்க மேடம். ஆடெல்லாம் வித்துட்டாங்க. சந்தையில எப்பவாச்சும் பாப்பேன். பேசுவாங்க."

கொஞ்சம் தயங்கினார். பஸ் வந்து நின்றுவிட்டது. ஏறாமல் கேட்டார்.

"என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை மேடம்."

"சரி" என்றார். காதுமடல் சிவந்தது. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.